விடியற்காலை மூன்றரை மணிக்கு வரும் கார்கள்

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில், அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாலையில் அடிபட்டு வருபவர்கள் பெரும்பாலும் பைக்கில் போனவர்கள். விடியற்காலையில் வருபவர்கள் காரில் போனவர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரவுகளில் இரண்டு மணிக்கு மேல் நாங்கள் யாரும் உட்காருவதில்லை.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு தீபாவளி இரவு. மூன்றரை மணி வாக்கில் 108 ஆம்புலன்ஸில் ஒரு குடும்பத்தை இறக்கினார்கள். காரை ஓட்டிய மகனுக்கு முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. பின் சீட்டில் பெல்ட் போடாமல் சாய்ந்து வந்த அம்மாவுக்குத் தொடை எலும்பு. மனைவிக்கு நெற்றியில் தையல். சின்னக் குழந்தைக்குக் கீறல்கூட இல்லை, ஆனால் அழுகையை நிறுத்தவே முடியவில்லை. "லேசா கண் அசந்துட்டேன் டாக்டர், ஒரு செகண்டுதான்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று காலை ஆறு மணிக்கு எழுந்தவர். ஆபீஸ் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, சாமான் ஏற்றி, பதினோரு மணிக்கு மதுரைக்குக் கிளம்பியிருக்கிறார். சென்னையின் தெற்கு விளிம்பில் இருக்கும் பெருங்களத்தூரைத் தாண்டவே இரவு ஒரு மணி ஆகிவிட்டது. மீடியனில் மோதியபோது அவர் விழித்து இருபத்தோரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிரேக் பிடித்த தடமே சாலையில் இல்லை என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். தூங்கியவர் பிரேக்கை மிதிப்பதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் ஓடிவிடும். நான்கு நொடி கண் மூடினால் 110 மீட்டர் தூரத்துக்கு அந்தக் காரை யாருமே ஓட்டவில்லை என்று பொருள்.

காரா, ரயிலா, பஸ்ஸா என்று வீட்டில் கணக்குப் போடும்போது பெட்ரோலையும் டிக்கெட்டையும் எழுதுகிறோம். டோல்கேட்டைக்கூட எழுதுகிறோம். ஓட்டுகிறவரின் தூக்கத்தை யாரும் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும்.

1997-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடுவதைக் காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவே 30 மில்லிகிராம்தான். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவரும், ஆபீஸ் முடிந்து நள்ளிரவில் ஸ்டியரிங் பிடித்தால், ஏறக்குறைய குடித்தவர் நிலையில்தான் இருக்கிறார். இதை ஊதிக் காட்டும் கருவி கிடையாது. அதோடு உடம்புக்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை அது தூங்கு என்றுதான் சொல்லும். ஏசியைக் கூட்டி வைப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, ஜன்னலைத் திறப்பது எல்லாம் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. வழியில் உளுந்தூர்பேட்டையில் நிறுத்திக் குடிக்கும் டீயும் ரத்தத்தில் சேர்ந்து வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும். டீயைக் குடித்துவிட்டு, கதவைப் பூட்டி, சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்குங்கள். டீயும் தூக்கமும் சேர்ந்தால்தான் கொஞ்சமாவது பலன்.

சரி, பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலையில் ஏறக்குறைய 460 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல், அதுவே 3,000 ரூபாயைத் தாண்டிவிடும். டோல் தனி. ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட் ஒருவருக்கு 350 ரூபாய் அளவில். நான்கு பேர் போனாலும் பாதிச் செலவுகூட ஆகாது. மூன்றாம் வகுப்பு ஏசியில் போனால் காருக்கும் ரயிலுக்கும் கிட்டத்தட்டச் சமமாக வரும். ஆனால் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் எல்லோரும் தூங்கி எழுந்து மதுரையில் இறங்குவார்கள். ரயிலில் நீங்கள் தூங்குவதால் யார் உயிருக்கும் ஆபத்தில்லை.

பஸ்ஸைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். பஸ் விபத்தில் அடிபட்டவர்களுக்கும் தையல் போட்டிருக்கிறேன். ஓட்டுநர்களுக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. அது எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அங்கே ஓட்டுவதையே தொழிலாகச் செய்பவர் ஓட்டுகிறார், கேட்க ஒரு சட்டமும் இருக்கிறது. சொந்தக் காரில் பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு வந்தவர் ஓட்டுகிறார், அவரைக் கேட்க யாருமில்லை. ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொண்டால் கவலையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பகலில் வேறு வண்டி ஓட்டிவிட்டு இரவு உங்களிடம் வருபவர்கள் நிறையப் பேர்.

எனக்கே இது நேர்ந்திருக்கிறது. நைட் டூட்டி முடித்து, காலை எட்டரைக்குக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு லாரியின் ஹாரன்தான் என்னை எழுப்பியது. வண்டி பாதி எதிர்ப்பக்கத்தில் இருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து நைட் டூட்டி நாளில் கார் எடுப்பதில்லை. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் தலை சாய்த்தால் அப்படியே தூங்கிவிடுவேன். என் நிறுத்தம் வந்தால் கண்டக்டரே தட்டி எழுப்பிவிடுவார்.

அன்றாடப் பயணத்தில் நான் பயப்படுவது பைக்குகளுக்காக. 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள் போயின. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் நம் மாநிலம்தான் முதலிடம். தினமும் முப்பது கிலோமீட்டர், தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக் ஓட்டி வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் சொல்வது, ஸ்டேஷன் வரைக்கும் பைக், அதற்கப்புறம் ரயில். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் டிக்கெட் பத்து ரூபாய். கூட்டம் இருக்கும், நிற்க வேண்டிவரும், வேர்க்கும். ஆனால் மழை பெய்தாலும் வழுக்கி விழ அங்கே சாலை இல்லை. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே இல்லை.

எல்லோராலும் முடியாது என்பது தெரியும். டயாலிசிஸுக்குப் போகிறவர், மூட்டு தேய்ந்து பஸ் படியேற முடியாதவர், கடைசி பஸ் எட்டு மணிக்கே போய்விடும் கிராமத்துக்காரர், இவர்களுக்கெல்லாம் கார் தேவைதான். இவர்களிடம் நேரத்தை மாற்றுங்கள் என்று மட்டும் சொல்வேன். இரவு நன்றாகத் தூங்கி, விடிந்தபின் ஐந்தரை, ஆறு மணிக்குக் கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். கால் ரத்த ஓட்டத்துக்கும் அது நல்லது. பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடட்டும், பாட்டி உட்பட.

அந்தக் கார்க்காரர் ஒன்றரை வருடம் கழித்துக் எலும்பு சேரக் கையில் வைத்த உலோக பிளேட்டை எடுக்க வந்தார். அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாராம். ஊருக்குப் போவது எப்படி என்று கேட்டேன். டிக்கெட் கிடைக்காமல்தான் அன்று காரை எடுத்தேன் டாக்டர் என்றார். "இப்ப தீபாவளிக்கு அறுபது நாள் முன்னாடி, காலைல எட்டு மணிக்கு முன்னாலயே போனைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்துடுறேன். அம்மாவுக்கு லோயர் பர்த். கிடைக்கலைன்னா தீபாவளி முடிஞ்சு அடுத்த வாரம் போவோம். அம்மாவே அப்படித்தான் சொல்லிட்டாங்க."