கண்ட்ரோல் சார்ட்: கட்டுப்பாடா, கண்காணிப்பா?

சில வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலைக்காக இயந்திரப் பக்கத்தில் ஒட்டும் செயல்முறைத் தாள் ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். ‘அவுட் ஆஃப் கண்ட்ரோல்’ என்று வந்த இடங்களிலெல்லாம் ‘கட்டுப்பாட்டை மீறியது’ என்று எழுதினேன். அகராதியைப் பார்த்து எழுதியதால் சந்தேகமே வரவில்லை. தாளை ஒட்டிய இரண்டாம் நாள் ஒரு ஆபரேட்டர் கேட்டார்: “புள்ளி கோட்டுக்கு மேல போனது உண்மைதான் சார். ஆனா நான் எதை மீறினேன்?”

அவர் எதையும் மீறவில்லை. மீறியது என் மொழிபெயர்ப்புதான்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். 1924 மே 16 அன்று, அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் தன் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ஏறக்குறைய ஒரு பக்கம். அதிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தை ஒரு படம் பிடித்துக்கொண்டது. அதுதான் முதல் கண்ட்ரோல் சார்ட். நடுவில் சராசரிக்கு ஒரு கோடு, மேலே ஒன்று, கீழே ஒன்று. நேர வரிசைப்படி அளவுகளைப் புள்ளிகளாக வைத்துக்கொண்டே போக வேண்டும். மேல் கோடும் கீழ்க் கோடும் சராசரியிலிருந்து மூன்று சிக்மா தூரத்தில் இருக்கும். சிக்மா என்பது அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் கணக்கு.

எந்தச் செயலிலும் ஏற்ற இறக்கம் உண்டு. அதை ஷூஹார்ட் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, செயல்முறையோடு கூடவே பிறந்தது: நூறு சின்னச் சின்னக் காரணங்கள் சேர்ந்து உண்டாக்குவது, இதுதான் காரணம் என்று எதையும் தனியே சுட்டிக்காட்ட முடியாது. இன்னொன்று, வெளியிலிருந்து வந்து புகுந்தது: கருவி மழுங்கியது, மூலப்பொருள் மாறியது, புது ஆள் வந்தது. தேடினால் அகப்படும். பின்னாளில் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் இவற்றுக்கு வைத்த பெயர்களைத் தழுவி, தமிழில் பொதுக் காரணம், தனிக் காரணம் என்று சொல்லலாம். இதைவிடச் சுருக்கமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

புள்ளிகள் இரண்டு கோடுகளுக்குள் எந்த ஒழுங்குமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தால் செயல்முறை ‘இன் கண்ட்ரோல்’. அதாவது பொதுக் காரணம் மட்டுமே வேலை செய்கிறது. நாளையும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் என்று நம்பலாம். ஒரு புள்ளி வெளியே போனால், தனிக் காரணம் ஏதோ நுழைந்திருக்கிறது, போய்ப் பார் என்று பொருள். அங்கே யாரும் எதையும் கட்டவில்லை, யாரும் அறுத்துக்கொண்டு ஓடவுமில்லை.

சரி, அப்புறம் ‘கண்ட்ரோல்’ என்ற சொல் இதில் எப்படி வந்து உட்கார்ந்தது? இலத்தீனில் ‘கோன்ட்ரா’ என்றால் எதிர். ‘ரோட்டுலுஸ்’ என்றால் சுருள். இரண்டும் சேர்ந்த ‘கோன்ட்ராரோட்டுலுஸ்’ இடைக்கால ஐரோப்பியக் கணக்கர்களின் சொல். ஒருவர் எழுதிய கணக்குச் சுருளைச் சரிபார்க்க இன்னொருவர் தனியே எழுதி வைத்த மறுசுருள் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் இந்தச் சரிபார்ப்புப் பொருளோடுதான் வந்தது. ஆட்டிவைப்பது, அடக்கிவைப்பது என்ற பொருள் அதன்மேல் பிறகு படிந்தது. பிரெஞ்சில் இன்றும் ரயிலில் பயணச்சீட்டைப் பார்ப்பவர் ‘கோந்த்ரோலர்’தான், அவர் யாரையும் அடக்கப் போவதில்லை, சீட்டு சரியா என்று பார்ப்பார், அவ்வளவே. கணக்குத் தணிக்கைப் பதவியான ‘கம்ப்ட்ரோலர்’ கூட இதே சொல்தான். கணக்கு என்று பொருள்படும் வேறொரு பிரெஞ்சுச் சொல்லோடு குழப்பிக்கொண்டு யாரோ எழுத்தை மாற்றிவிட்டார்கள். பிழையான எழுத்து நிலைத்துவிட்டது.

தமிழில் ‘கட்டுப்பாடு’ என்பது கட்டுப்படுதல், கட்டுக்குள் வருதல். ஊர்க் கட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு என்று எங்கே சொன்னாலும் அங்கே ஒரு விதி இருக்கும், அதை விதித்தவர் இருப்பார், மீறக்கூடியவரும் இருப்பார். கட்டுப்பாடு என்று ஒருவர் சொன்னதும் ‘மீறுதல்’ என்பது தானாகவே வாயில் வந்துவிடும். ஆபரேட்டருக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை.

‘தரக் கட்டுப்பாடு’ என்ற தொடரை நான் எதிர்க்கவில்லை. அது ஊன்றிவிட்டது, இனி பிடுங்கினால் வரப்போவதில்லை. தரம் குறைந்ததை வெளியே விடாமல் தடுப்பது என்ற பொருளில் அது பொருந்தவும் செய்கிறது. ‘கட்டுப்பாட்டு வரைபடம்’, ‘கட்டுப்பாட்டு எல்லை’ என்று நீளும்போதுதான் சிக்கல். ‘கட்டுப்பாட்டு எல்லை’ என்றால் யாரோ விதித்த எல்லை என்று தோன்றும். விதிக்கப்பட்ட எல்லை ஒன்று உண்டு, ஆனால் அது வேறு: வாங்குபவர் கேட்கும் அளவு, தளத்தில் எல்லோரும் ‘ஸ்பெக்’ என்பது. அதை ஏற்பு எல்லை என்று சொல்லலாம். சார்ட்டில் உள்ள கோடுகள் செயல்முறையின் சொந்த அளவுகளிலிருந்து கணக்கிட்டு எடுத்தவை. அவற்றுக்கு ‘இயல்பு வரம்பு’ என்பது சரியாக வரும். இயல்பு வரம்புக்குள் அழகாக ஆடிக்கொண்டே ஏற்பு எல்லைக்கு வெளியே பொருளைத் தள்ளிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் உண்டு. நிலையாக மோசம். ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. செயல்முறையையே மாற்றியாக வேண்டும்.

கட்டுப்பாடு என்று புரிந்துகொள்வதால் இன்னொரு கெடுதலும் உண்டு: கை துறுதுறுக்கும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு கடைகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 25.02 வந்தது. உடனே ஆபரேட்டர் 0.02 குறைத்து செட்டிங்கை மாற்றுகிறார். அடுத்தது 24.97. இப்போது 0.03 கூட்டுகிறார். ஒவ்வொரு முறையும் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த ஆட்டம் பொதுக் காரணத்தால் வந்ததென்றால், இப்படி ஒவ்வொன்றுக்கும் திருத்துவது சிதறலின் வர்க்கத்தை இரண்டு மடங்காக்கிவிடும்; சிக்மா சுமார் 1.41 மடங்கு ஆகும். டெமிங் ஒரு புனலையும் கோலியையும் வைத்து வகுப்புகளில் இதைச் செய்து காட்டுவார். சும்மா இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கணக்கே சொல்லும் அபூர்வமான இடம் இது.

மருத்துவ ஆய்வகத்துக்குப் போனால் ‘கண்ட்ரோல்’ வேறு வேடத்தில் நிற்கிறது. அங்கே அது ஒரு குப்பி. அளவு முன்பே தெரிந்த மாதிரித் திரவம். காலையில் நோயாளிகளின் ரத்தத்தை ஓட்டுவதற்கு முன் “கண்ட்ரோல் ஓட்டியாச்சா?” என்று கேட்பார்கள். குளுக்கோஸுக்கான குப்பியின் சராசரி 100, சிக்மா 3 என்றால், 103 வந்தால் பேசாமல் வேலையைத் தொடங்கலாம். 107 வந்தால் இரண்டு சிக்மாவைத் தாண்டியாயிற்று, கவனம் வேண்டும். மறுபடியும் 107 என்றால் நிறுத்த வேண்டும். 110 என்றால் ஒரே தடவை போதும். 101, 102, 101, 103 என்று பத்து நாள் தொடர்ந்து சராசரிக்கு மேலேயே நின்றால், ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல எண்தான். ஆனால் ஏதோ மெல்ல நகர்ந்திருக்கிறது. ரீஏஜென்ட் லாட், அதாவது சோதனை ரசாயனத்தின் தொகுதி, மாறியிருக்கும், அல்லது கேலிப்ரேஷன், அதாவது கருவியின் அளவுச் சீரமைப்பு, தள்ளிப்போயிருக்கும். ஷூஹார்ட்டின் படத்தை 1950-இல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் லெவியும் ஜென்னிங்ஸும். ‘எல்.ஜே. சார்ட்’ என்ற பெயர் அதனால்தான். மேலே சொன்ன மாதிரி விதிகளைச் சேர்த்துக் கட்டியவர் ஜேம்ஸ் வெஸ்ட்கார்ட், 1981-இல். யோசித்துப் பார்த்தால் மறுசுருள் என்ற பழைய பொருள் அப்படியே உயிரோடு இருப்பது இந்தக் குப்பியில்தான். தெரிந்த கணக்கைப் பக்கத்தில் வைத்துத் தெரியாத கணக்கைச் சரிபார்க்கிறார்கள். அதற்கு ‘ஒப்பு மாதிரி’ என்பதே பொருத்தம். ‘கட்டுப்பாட்டு மாதிரி’ என்றால் ஒன்றும் விளங்காது.

மூன்று சிக்மா ஏன், இரண்டு போதாதா என்றும் கேட்பார்கள். அளவுகள் மணிவடிவில் சிதறினால், எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதும் இரண்டு சிக்மாவைத் தாண்டும் புள்ளி சுமார் 22-இல் ஒன்று வரும். மூன்று சிக்மாவைத் தாண்டுவது 370-இல் ஒன்று. வாரம் ஒருமுறை பொய்யாக அலறும் மணியை மூன்றாவது வாரம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மருத்துவமனை வார்டில் இது இன்னும் முக்கியம். போன மாதம் தொற்று 4, இந்த மாதம் 6. “ஐம்பது சதவீதம் கூடிவிட்டது” என்று கூட்டம் போடுவார்கள், விளக்கம் கேட்பார்கள். மாதச் சராசரி 5 என்றால், இப்படி எண்ணி வரும் நிகழ்ச்சிகளுக்கு சிக்மா 5-இன் வர்க்கமூலம், அதாவது 2.24. ஐந்தோடு மூன்று சிக்மாவைக் கூட்டினால் மேல்வரம்பு 11.7. ஆறு என்பது பேசவே தேவையில்லாத எண். ஐந்து என்ற சராசரி போதாது என்றால் அது வேறு பேச்சு, அதற்கு வேறு கூட்டம் வேண்டும். ஒன்று மட்டும்: தண்டுகள் ஒன்றுபோல இருக்கும், நோயாளிகள் இருக்க மாட்டார்கள். அறுவை சிகிச்சை முடிவுகளைப் புள்ளி வைக்கும்போது ஒவ்வொருவர் உடல்நிலையின் ஆபத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டால், கடினமான நோயாளிகளை ஏற்கும் மருத்துவர்தான் வரம்பைத் தாண்டி நிற்பார்.

இத்துறையில் ஆங்கிலத்தில் எழுதுபவர்களில் பலர் இப்போது ‘கண்ட்ரோல்’ என்பதை விட்டு ‘மானிட்டரிங்’ என்று மாற்றிக்கொண்டு வருகிறார்கள். நமக்கு ‘கண்காணிப்பு’ கைவசம் இருக்கிறது. கண்ணால் காண்பது என்று சொல்லிலேயே பொருள் தெரிகிறது. மறுசுருளின் பழைய பொருளுக்கும் பக்கத்தில் வருகிறது. பழைய சொல்லும்கூட, திருமூலர் எங்கும் நிறைந்து பார்த்துக்கொண்டிருக்கும் இறைவனையே கண்காணி என்கிறார். ஆனால் அதே சொல்தான் தேயிலைத் தோட்டங்களில் ‘கங்காணி’ ஆயிற்று. வேலையாளின் முதுகுக்குப் பின்னால் நின்ற அந்த மேற்பார்வையாளரின் வாடை சொல்லில் இன்னும் இருக்கிறது. சார்ட் பார்ப்பது ஆளை இல்லை. ஆகவே வெறும் ‘கண்காணிப்பு’ என்று விடாமல் ‘செயல்முறைக் கண்காணிப்பு’ என்று முழுதாகச் சொல்வேன். நீளமாக வேண்டுமென்றால் புள்ளியியல்வழிச் செயல்முறைக் கண்காணிப்பு. ‘இன் கண்ட்ரோல்’ என்பதற்கு ‘நிலையாக இருக்கிறது’, ‘அவுட் ஆஃப் கண்ட்ரோல்’ என்பதற்கு ‘நிலை மாறியிருக்கிறது’. வெளியே தனித்து நிற்கும் புள்ளியைப் ‘பெரும்புள்ளி’ என்று சொல்ல எனக்கு ஆசைதான், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தத் தாளைத் திருத்தி மறுபடி ஒட்டினோம். ‘புள்ளி இயல்பு வரம்பைத் தாண்டினால் செட்டிங்கைத் தொட வேண்டாம், இயந்திரத்தை நிறுத்தி என்ன மாறியது என்று பார்க்கவும்’ என்று இருக்கிறது. தலைப்பில் மட்டும் ‘கண்ட்ரோல் சார்ட்’ என்றே விட்டுவிட்டேன். அங்கே எல்லோரும் அதை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.