மான் தேடிக் காட்டுக்குள் முதன்முறை நடப்பவர்களுக்கு: ஒரு கால்நடை மருத்துவரின் குறிப்புகள்

கேரளத்தின் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய மறையூர், காந்தளூர்ப் பகுதிகளில் மாடும் ஆடும் வளர்க்கும் குடும்பங்களை நம்பியே என் தொழில் நடக்கிறது என்றாலும், வனத்துறையினர் அழைக்கும்போது மான்களுக்கும் மருத்துவம் பார்க்கிறேன்; இறந்துவிட்ட மான்களுக்குப் பிரேதப் பரிசோதனை செய்கிறேன். வாகனத்தில் அடிபட்டவையும் நாய்கள் துரத்தியவையும் அவற்றில் அதிகம். ஆனால் மானை விரும்பி, அதை அருகில் பார்க்க ஆசைப்பட்டுப் போனவர்களால் உயிரிழந்தவையும் உண்டு என்பதே எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. உடுமலைப்பேட்டை, பழனி, கோவைப் பக்கமிருந்து மலையேறி வரும் இளைஞர்களில் பலருக்கு இது முதல் காட்டு நடையாக இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: எவ்வளவு அருகில் போகலாம் என்பதை மான்தான் முடிவு செய்கிறது, அது மேய்ச்சலை நிறுத்தித் தலையை நிமிர்த்தி உங்கள் பக்கம் காதைத் திருப்பிய இடமே உங்களுக்கு எல்லை.

ஸ்காட்லாந்து மலைகளில் செம்மானைப் பின்தொடர்ந்து வயிற்றால் ஊர்ந்து சென்று துப்பாக்கியால் சுடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அதே முறையை இங்கே கேமராவோடு செய்யலாம் என்று எண்ணி வருபவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஓநாய்கள் அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டதால், மான்களின் எண்ணிக்கையை மனிதர்கள் சட்டத்துக்கு உட்பட்ட வேட்டையால் கட்டுப்படுத்துகிறார்கள். நம் காட்டில் செந்நாயும் சிறுத்தையும் புலியும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமன்றி, பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, தீனி காட்டி ஈர்ப்பது, இவற்றுக்கான முயற்சி ஆகிய எல்லாமே அடங்கும். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் தண்டனை குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை. ஒரு மான் கூட்டத்தை ஒருவர் விரட்ட, மற்றவர் எதிரில் நின்று படம் எடுப்பதை விளையாட்டாக நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும்.

சின்னாற்றில் வனத்துறையின் அனுமதியோடும், இங்குள்ள முதுவர் அல்லது மலைப்புலையர் குடிகளைச் சேர்ந்த வழிகாட்டியோடும்தான் காட்டுப்பாதையில் நடக்க முடியும். வழிகாட்டியைச் சுமை தூக்குபவராகவோ வழி காட்டும் பலகையாகவோ நடத்தாதீர்கள். புறப்படுவதற்கு முன் அவரோடு சிறிது நேரம் உட்கார்ந்து, யானை கடைசியாக எங்கே காணப்பட்டது, தண்ணீர் எந்த ஓடையில் இருக்கிறது, எந்தச் சைகைக்கு என்ன பொருள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கத் தொடங்கிய பிறகு பேச்சு கூடாது என்பதால் கேட்க வேண்டியதையெல்லாம் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

இனி மானைப் பற்றி. அதன் முதல் காவல் மூக்கு. எத்தனை மெதுவாக நடந்தாலும், காற்று உங்கள் முதுகிலிருந்து மானை நோக்கி வீசினால் நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அது போயிருக்கும். மலைச்சரிவில் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு இருக்கிறது. இரவில் குளிர்ந்த காற்று சரிவின் மேலிருந்து கீழே இறங்கும். விடிந்து சில நேரம் வரைக்கும் அந்த இறக்கம் நீடிக்கும். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் காற்று கீழிருந்து மேலே ஏறத் தொடங்கும். ஆகவே விடியற்காலையில் மானுக்குக் கீழிருந்து மேல்நோக்கியும், வெயில் ஏறிய பிறகு மேலிருந்தோ பக்கவாட்டிலோ அணுகுவதே முறை. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் காற்று எந்தப் பக்கமும் நிலைக்காது. ஒரு சிட்டிகை மெல்லிய மண்ணையோ விபூதியையோ விரலிடுக்கில் எடுத்து உதிர்த்தால் அது போகும் திசை தெரியும். "காத்து திரும்பிருச்சு டாக்டரே, இங்கயே இருங்க" என்று வழிகாட்டி சொல்லும்போது, அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவதுதான் முறை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் இந்தப் பக்கமும் காற்று கடுமையாக இருக்கும். புதர்கள் எல்லாம் அசைந்துகொண்டே இருப்பதால் மான்களும் அப்போது பதற்றமாகவே மேய்கின்றன. முதல்முறை வருபவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

உடையைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். ராணுவப் புள்ளி போட்ட விலையுயர்ந்த ஆடை தேவையில்லை. மான் சிவப்பையும் ஆரஞ்சு நிறத்தையும் பச்சையிலிருந்து பிரித்து அறிவதில்லை. ஆனால் நீலம் அதற்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஜீன்ஸ் கால்சட்டையும், நீலம் போட்டு வெளுத்த வெள்ளைச் சட்டையும், பளிச்சிடச் செய்யும் சலவைத்தூளில் துவைத்த துணிகளும் அதன் கண்ணில் முதலில் படும். பழைய காக்கி, மண் நிறம், மங்கிய பச்சை ஆகியவற்றில் முழுக்கை சட்டை போதும். வாசனைத் தைலமும் பவுடரும் வேண்டாம். கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் மானுக்கு ஏறக்குறைய முழுச் சுற்றும் தெரியும்; அசையாத உருவத்தைப் பொறுத்துக்கொள்ளும் அது, அசைவை மன்னிப்பதில்லை. மான் தலையைத் தாழ்த்தி மேயும்போது மட்டும் இரண்டு மூன்று அடி எடுத்துவைத்து, அது நிமிரும்போது காலை எங்கே வைத்திருந்தீர்களோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நேராக நோக்கி வராமல், கடந்து போகிறவர் போலச் சாய்வாக நடந்தால் அதன் பதற்றம் குறைகிறது.

ஊர்ந்து செல்ல வேண்டாம். ஸ்காட்லாந்தின் மரமற்ற சரிவில் அது சரி. மழை மறைவுப் பகுதியான சின்னாற்றின் முட்புதர்க் காட்டில் தரையோடு தரையாகப் போகிறவர் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கும் இடத்துக்கு முகத்தையும் கையையும் கொண்டுபோகிறார். அதைவிடப் பெரிய அபாயம், அவருக்கு முன்னால் இருக்கும் மானைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் போவது.

இந்தக் கடைசிச் செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். புள்ளிமான் தனியாகக் காட்டில் வாழவில்லை. அது மேயும் புல்வெளியின் ஓரத்தில் காட்டெருமை படுத்திருக்கும். அது தண்ணீர் குடிக்க இறங்கும் பாம்பாற்றங்கரை நாணல்களில் யானை நின்றிருக்கும். அத்தனை பெரிய யானை, பகல் வெயிலில் ஒரு மரநிழலில் அசையாமல் நின்றால் முப்பது அடி தூரத்திலும் கண்ணுக்குத் தப்பிவிடும். மானின் மேல் கவனம் குவிந்தவருக்கு ஒடிந்த கிளையிலிருந்து இன்னும் வடியும் பாலும், ஈரம் காயாத லத்தியும், தொண்டையிலிருந்து எழும் மெல்லிய உறுமலும் புலப்படுவதில்லை. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மானைப் பார்ப்பதற்கு முன்னால் இடமும் வலமும் பின்னும் ஒருமுறை பாருங்கள். திரும்பிப் போக வழி எது என்பதைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். வளைவுகளிலும் ஓடை இறக்கங்களிலும் வழிகாட்டி முன்னால் போய்ப் பார்த்துச் சைகை காட்டும் வரை காத்திருங்கள். குட்டியோடு யானை தென்பட்டால் அன்றைய நடை அத்துடன் முடிந்தது. படம் எடுக்க ஒரு நிமிடம் என்று கெஞ்சி, வழிகாட்டியின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

காட்டின் எச்சரிக்கைக் குரல்களை முன்னரே பதிவுகளில் கேட்டுப் பழகிக்கொள்வது பயன் தரும். புள்ளிமான் கூர்மையான சிறு குரல் கொடுக்கும். கடமான் தொலைவுக்குக் கேட்கும்படி கனத்த ஒலி எழுப்பி முன்காலால் தரையை உதைக்கும். கேளையாடு என்ற சிறிய மான், நாய் குரைப்பதைப் போலவே தொடர்ந்து குரைக்கும். மரத்தின் மேலிருந்து மந்திகள் உதிர்க்கும் இலைகளையும் காய்களையும் தின்னப் புள்ளிமான்கள் கீழே கூடுவதால், மேலிருக்கும் கண்களும் கீழிருக்கும் மூக்குகளும் ஒன்றுக்கொன்று காவலாகின்றன. இந்தக் குரல்கள் எழும்போது மான் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். உங்களைப் பார்த்தால் நீங்கள்தான் காரணம், மெதுவாகப் பின்வாங்குங்கள். வேறு பக்கம் பார்த்தால் அங்கே சிறுத்தையோ செந்நாய்க் கூட்டமோ இருக்கக்கூடும். அப்போதும் முன்னேறக் கூடாது.

பின்வாங்கச் சொல்வதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது. துரத்தப்பட்ட மான் தப்பித்துவிட்டதாலேயே பிழைத்துவிட்டது என்று பொருளில்லை. அளவுக்கு மீறிய ஓட்டத்திலும் அச்சத்திலும் அதன் உடல் வெப்பம் ஏறி, தசைகளில் அமிலம் சேர்ந்து, தசைநார்கள் சிதையத் தொடங்குகின்றன. சிதைந்த தசையின் நிறமி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் சேதப்படுத்துகிறது. சிறுநீர் தேநீர் நிறத்தில் கறுத்துப் போகிறது. சிலவற்றில் இதயமே நின்றுவிடுகிறது. வெளிக்காயம் ஒன்றுகூட இல்லாமல், துரத்தல் நடந்து சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அந்த மான் விழுகிறது. இந்த நோய் தொடங்கிவிட்டால் எங்கள் மருந்துகளால் ஆகக்கூடியது மிகக் குறைவு. அறுத்துப் பார்க்கும்போது வெளிறிப்போன தொடைத்தசையைக் கண்டு, இதைத் துரத்தியது நாயா மனிதரா என்று தெரியாமலேயே அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது. கோடையில், தண்ணீர் தேடி அலைந்து களைத்திருக்கும் மான்களிடம் இந்த ஆபத்து இன்னும் கூடும். ஆகவே ஓடிய மானின் பின்னால் போய் மறுபடி ஒருமுறை பார்க்க முயல வேண்டாம். ஒரு கூட்டத்துக்கு ஒரு முறை போதும்.

குட்டிகளின் கதை வேறு. தாய் மான் பிறந்த குட்டியை முதல் நாட்களில் புல்லிலோ புதரிலோ படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் வரும். குட்டி அசையாமல், ஆள் அருகில் வந்தாலும் எழாமல் கிடக்கும். அதுதான் அதற்குப் பாதுகாப்பு. இதைப் பார்த்துத் தாய் கைவிட்டது என்று இரக்கப்பட்டுத் தூக்கி வருகிறார்கள். அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து, பசும்பால் புகட்டி, வயிற்றுப்போக்கோடு என்னிடம் கொண்டுவருபவர்களின் கண்ணில் உண்மையான அக்கறையைத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை காட்டுக்குத் திரும்புவதில்லை. படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் தொடாமல், அருகில் நிற்காமல், உடனே விலகுங்கள். நீங்கள் அங்கே நிற்கும் வரை தாய் வராது. காயமோ ஈ மொய்த்தலோ தெரிந்தால் மட்டும் இடத்தைக் குறித்து வனத்துறையிடம் சொல்லுங்கள்.

பிஸ்கட், ரொட்டி, சோறு எதையும் போடாதீர்கள். இலையும் புல்லும் செரிக்கும்படி அமைந்த மானின் முதல் இரைப்பையில் மாவுப்பொருள் திடீரெனச் சேர்ந்தால் அது புளித்து அமிலமாகி உயிரைப் பறிக்கும். மாட்டில் அன்றாடம் பார்க்கும் கோளாறுதான், மானில் சிகிச்சைக்கு நேரம் கிடைப்பதில்லை. வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஊரில் கோமாரி இருக்கும் சமயத்தில், தொழுவத்தில் போட்ட செருப்போடு காட்டுக்கு வர வேண்டாம். அந்நோய்க் கிருமி செருப்பில் ஒட்டியும் பயணம் செய்யும், புள்ளிமானையும் அது தாக்கும்.

உதிர்ந்து கிடக்கும் கொம்பை நினைவுப் பொருளாக எடுத்துவரும் ஆசை பலருக்கு வருகிறது. ஆண் மான்கள் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துப் புதிதாக வளர்ப்பதால், விழுந்ததை எடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். சட்டப்படி அது அரசின் சொத்து. சின்னாற்றிலோ ஒன்பதாறு சோதனைச்சாவடியிலோ பையில் அகப்பட்டால், அதை நீங்கள் வேட்டையாடிப் பெறவில்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். காட்டுக்கும் அது வீணான பொருளன்று. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் தேவைப்படும் மான்களும் முள்ளம்பன்றிகளும் அதைக் கடித்துத் தின்கின்றன.

மானுக்கும் மாட்டுக்கும் ஒட்டும் உண்ணி மனிதருக்கும் ஒட்டும். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட குரங்குக் காய்ச்சல் பின்னர் வயநாட்டிலும் தோன்றியது. உண்ணிகள் மிகும் வறண்ட மாதங்களில் அது பரவுகிறது. புதர்களில் இருக்கும் நுண்ணிய ஒட்டுண்ணிப் பூச்சிகளால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் உண்டு. கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். புல்லில் உட்கார நேர்ந்தால் கீழே ஒரு விரிப்பு போடுங்கள். திரும்பியதும் குளித்து அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்புறம், காதுக்குப் பின்னால் பாருங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியை நசுக்காமல், சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெயோ நெருப்போ வைக்க வேண்டாம். அடுத்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலோ கடும் தலைவலியோ, சிகரெட் சுட்டது போன்ற கரும்புண்ணோ தோன்றினால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் எந்தக் காட்டில், எந்தத் தேதியில் நடந்தீர்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.