ஜெப விண்ணப்பம் யார் கைக்குப் போகிறது?

2020 ஏப்ரலில் ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது சிங்கப்பூரின் தமிழ்ச் சபைகள் வேறு வழியின்றிக் கேமராவைக் கையில் எடுத்தன. கட்டுப்பாடுகள் போய்விட்டன, கேமரா போகவில்லை. யூடியூப் நேரலையோ ஃபேஸ்புக் பக்கமோ வாட்ஸ்அப் குழுவோ இல்லாத சபையை நான் பார்த்து வெகுநாளாகிறது.

என் தொழில் தகவல் பாதுகாப்பு ஆலோசனை. துணைப்பாட நிலையங்கள், சிறு கடைகள், சங்கங்கள் என்று போய்வந்த எனக்குச் சில ஆண்டுகளாகச் சபைகளிலிருந்தும் அழைப்பு வருகிறது. எந்தக் கேமரா வாங்கலாம், பார்வையாளர்களை எப்படிக் கூட்டலாம் என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்கெல்லாம் என்னைவிட விவரமான இளைஞர்கள் சபையிலேயே இருப்பார்கள். நான் கேட்பது வேறு. உங்கள் காணொளியைப் பார்த்துவிட்டு மனம் உடைந்து உங்களுக்கு எழுதினாரே ஒருவர், அவருடைய பெயரும் எண்ணும் கதையும் இந்த நிமிடம் எங்கே இருக்கின்றன?

பெரும்பாலும் ஒரு கூகுள் படிவத்தில் இருக்கும். ஒரு சபையின் ஜெப விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். பெயர், கைப்பேசி எண், முகவரி, பிறந்த தேதி எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ‘உங்கள் ஜெபக் குறிப்பு’ என்று ஒரு பெரிய கட்டம். கணவரின் குடி, மகளின் மனநல மருந்து, முதலாளி கொடுக்காத சம்பளம், கடன்காரரின் மிரட்டல் என்று அந்தக் கட்டத்துக்குள் மனிதர்கள் தங்களைக் கொட்டிவைத்திருந்தார்கள். பதில்கள் சேரும் விரிதாளோ, இணைப்பு கையில் இருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற நிலையில் இருந்தது. அந்த இணைப்பு தொண்டூழியர் குழுவில் எப்போதோ பகிரப்பட்டது. அவர்களில் சிலர் வேலை முடிந்து ஊர் திரும்பியும்விட்டார்கள்.

படிவத்திலேயே இன்னொரு தெரிவும் உண்டு. பதில்களின் சுருக்கத்தைப் படிவம் நிரப்பியவருக்கும் காட்டலாமா என்று கூகுள் கேட்கும். யாராவது தெரியாமல் அதை இயக்கிவிட்டால், விண்ணப்பத்தை அனுப்பி முடித்தவர் ஒரே சொடுக்கில் தனக்கு முன்னால் எழுதியவர்களின் கண்ணீரையெல்லாம் படித்துவிடலாம். உங்கள் படிவத்தை இன்றே ஒரு முறை சோதித்துப் பாருங்கள். நீங்களே ஒரு போலி விண்ணப்பம் அனுப்பினால் போதும், தெரிந்துவிடும்.

ஊடகத்தை வைத்து ஊழியம் செய்வது தமிழர்களுக்குப் புதிதல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் சில ஆண்டுகளில் அங்கே அச்சகம் அமைத்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1970 முதல் செஷல்ஸ் தீவிலிருந்து ஃபெபா என்ற கிறிஸ்தவ வானொலி இந்திய மொழிகளில் ஒலிபரப்பியது. ஆனால் துண்டுப் பிரசுரத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டவர் யார் என்று அச்சகத்துக்குத் தெரியாது. போர்வைக்குள் வானொலி கேட்டவரை நிலையம் அறியாது, அவரே கடிதம் எழுதினாலொழிய. இணையத்தில் நிலைமை தலைகீழ். வாசிக்கிறவரையும் கேட்கிறவரையும் பற்றி ஒரு பதிவேடு தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது. அதைச் சபை கேட்கவில்லை என்றாலும் அது சபையின் கையில் இருக்கிறது.

சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகம் சிறியது. தேக்காவில் ஒரு சுற்று வந்தால் உறவுக்காரர் ஒருவரையாவது பார்த்துவிடுவோம். இந்துக் குடும்பத்துப் பெண் ஒருவர் வீட்டில் சொல்லாமல் மூன்றாவது வரிசையில் அமர்ந்து கண்ணை மூடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரலைக் கேமரா அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. மதியச் சாப்பாட்டுக்குள் அந்தப் படம் பெரியம்மா வீட்டு வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்திருக்க வேண்டும். கேமரா பிடித்த தம்பி அல்ல. கேமராவை மேடையோடு நிறுத்துங்கள், படம் பிடிக்காத வரிசைகளை வாசலிலேயே எழுதி வையுங்கள். இதற்குச் செலவே இல்லை.

ஒருவர் தன் விசுவாச அனுபவத்தைச் சொல்லும் சாட்சிக் காணொளிகளில்தான் எனக்கு அதிகக் கவலை. வெளிநாட்டு ஊழியர் ஒருவர், தங்குவிடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருபவர். வேலையிடத்தில் காயம்பட்டபோது சபையார் மருத்துவமனைக்கு வந்து பார்த்திருக்கிறார்கள், சோறு கொடுத்திருக்கிறார்கள். “அண்ணே, உங்க சாட்சியை டிக்டாக்கில் போடலாமா?” என்று போதகர் பக்கத்தில் நிற்க ஒருவர் கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? நன்றிக்கடனில் தலையாட்டுவதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. ஊரும் பேரும் முகமும் சேர்ந்து போகும் அந்த ஒரு நிமிடக் காணொளி அவருடைய கிராமத்துக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் அவருடைய மனைவியும் பெற்றோரும். ஒரு வாரம் கழித்து, வேறு யாரும் இல்லாத இடத்தில், வேண்டாம் என்று சொன்னாலும் ஒன்றும் குறையாது என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். குரல் மட்டும் போதுமா, பெயரை மாற்றலாமா என்றும் கேளுங்கள். பிறகு எப்போது நீக்கச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் நீக்குங்கள்.

இதே காணொளிகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. ‘முன்பு நான் கும்பிட்டது வெறும் கல்’ என்ற மாதிரி ஒரு வாக்கியம் நாற்பது நிமிடச் சாட்சியில் எங்கோ வந்துபோயிருக்கும். அதை வெட்டிப் பதினைந்து நொடியாகப் போடுகிறவருக்கு அது ‘நல்ல இடம்’. 2010-இல் பிற சமயங்களைக் கேலி செய்த காணொளிகளுக்காக இங்கே ஒரு போதகர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையால் அழைக்கப்பட்டு, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சமய நல்லிணக்கத்துக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது; திருத்தம் 2022 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. முன்பு தடை உத்தரவுக்கு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டியிருந்தது. இப்போது உத்தரவு உடனே நடப்புக்கு வரும், பதிவையும் நீக்கச் சொல்லலாம். சட்டம் இருக்கட்டும். அந்த வாக்கியத்தைப் பேசியவர் வேலை அனுமதியில் இருப்பவர் என்றால் அவர் எந்த நிலையில் நிற்பார் என்று வெட்டி ஒட்டுகிறவர் ஒரு கணம் யோசித்தாரா?

வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழுவில் சேர்ந்த எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். போதகரின் படத்தை முகப்பில் வைத்து ‘அவசரம், பேநவ் செய்யுங்கள்’ என்று கைப்பேசி வழியே பணம் கேட்டு அனுப்பும் மோசடிக்காரருக்கு இதைவிட வசதியான பட்டியல் கிடையாது. தினசரி வசனம் அனுப்பக் குழு எதற்கு? வாட்ஸ்அப் சேனல் வசதி 2023 ஜூனில் முதலில் வந்த நாடுகளே சிங்கப்பூரும் கொலம்பியாவும்தான். அதில் பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது.

விளம்பரம் பற்றியும் கேட்கிறார்கள். சமயத்தை வைத்து ஆட்களைக் குறிபார்க்கும் தெரிவுகளை ஃபேஸ்புக் 2022 ஜனவரியில் எடுத்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. அதற்குப் பதிலாக, ஜெபத்துக்கு எழுதியவர்களின் எண்களை ஃபேஸ்புக்கில் பதிவேற்றி அவர்களுக்கே விளம்பரம் காட்டலாம் என்று சில தொழில்நுட்பத் தோழர்கள் யோசனை சொல்கிறார்கள். ஜெபிக்கத் தந்த எண் அது. வேறு எதற்கும் தரப்பட்டதல்ல.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சமய அமைப்புகளுக்கு விலக்கு இல்லை. எந்த நோக்கத்துக்குத் தகவல் பெற்றோமோ அதற்கே பயன்படுத்த வேண்டும், தேவை முடிந்ததும் வைத்திருக்கக் கூடாது. அடையாள அட்டை எண்ணைத் தேவையில்லாமல் கேட்கும் பழக்கம் 2019 செப்டம்பர் 1-உடன் முடிந்திருக்க வேண்டும். சில முகாம் பதிவுப் படிவங்களில் இன்னும் முடியவில்லை. தகவல் கசிந்து ஒருவருக்குப் பெருந்தீங்கு நேரக்கூடும் என்றாலோ, 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டாலோ, மதிப்பிட்டு முடித்த மூன்று நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஜெப விண்ணப்பப் படிவத்துக்கு நான் பரிந்துரைப்பது மிகக் கொஞ்சம்: அழைக்க ஒரு பெயர், புனைபெயரானாலும் சரி, பதில் வேண்டுமென்றால் மட்டும் ஒரு தொடர்பு வழி, ஜெபக் குறிப்பு. இரண்டு பேர் மட்டும் பார்க்கட்டும். மூன்று மாதத்தில் அழித்துவிடுங்கள்.

ஒவ்வொரு சபையும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். இந்தப் பொறுப்பு வழக்கமாக ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் பையன் தலையில் விழுகிறது, அவனுக்குக் கணினி தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக. என்னைக் கேட்டால், சபையில் எல்லாரும் தங்கள் வீட்டுக் கதையை நம்பிச் சொல்லும் அக்கா ஒருவர் இருப்பார், அவரை நியமியுங்கள். படிவத்தைப் பூட்டுவது எப்படி என்று அவருக்கு அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். அவரைத் தொடர்புகொள்ளும் விவரம் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். படிவத்தின் அடியிலேயே போட்டுவிடுங்கள்.