விரால் மீனுக்குள் பாதரசம் வந்த வழி

பெங்களூரு மர்ஃபி டவுனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகளுக்கு இது ஆறாவது மாதம். உடம்பு தேறட்டும் என்று ரசல் மார்க்கெட்டில் விரால் வாங்கிக் குழம்பு வைத்துக் கொடுக்கிறாராம். "ஏரி மீனில் பாதரசம் இருக்கிறது என்கிறார்களே, மஞ்சள் போட்டு நன்றாகக் கழுவி வேகவைத்தால் போய்விடாதா?" என்று கேட்கிறார்.

போகாது. ஏன் போகாது என்று சொல்ல, ஏரியின் அடிச்சேற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏரிக்குப் பாதரசம் வரும் வழிகள் நமக்குத் தெரிந்தவைதான். நிலக்கரிப் புகையில் கலந்தது மழையோடு இறங்குகிறது. உடைந்த ட்யூப்லைட், பழைய தெர்மாமீட்டர், மின்கழிவு வழியாகவும் சேர்கிறது. இந்தப் பாதரசம் அப்படியே இருந்துவிட்டால் மீனின் உடம்பில் பெரிதாகத் தங்காது. தெர்மாமீட்டரிலிருந்து சிந்திய வெள்ளிக் குண்டு ஒன்று வயிற்றுக்குள் போனால்கூட, குடல் அதைக் கிட்டத்தட்ட முழுசாக வெளியே தள்ளிவிடும். ஆவியாகி மூச்சில் ஏறினால்தான் ஆபத்து. ஆனால் அதே பாதரசத்தோடு ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் ஒட்டி மெத்தில் பாதரசம் ஆகிவிட்டால், சாப்பிட்டதில் சுமார் 95 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடும்.

ஒட்டவைப்பது யார்? கோடையில் பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றே புகாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டை வைத்துச் சுவாசித்து, இந்த வாயுவை வெளியே விடுகின்றன. மெத்தில் பாதரசம் செய்வதில் முக்கியமான கைகள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. சேற்று நுண்ணுயிர்கள் இதைச் செய்கின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1969-லேயே காட்டிவிட்டார்கள். எப்படிச் செய்கின்றன என்பது பிடிபட 2013 வரை ஆனது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடித்தது. ஒன்று தரும் புரதத்தின் நடுவில், வைட்டமின் பி12-இல் இருப்பது போலவே ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் இருக்கும் மெத்தில் தொகுதி, அதாவது அந்த ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், அப்படியே பாதரசத்தின் கைக்கு மாறுகிறது. இரண்டாவது புரதம் எலக்ட்ரான்களைக் கொடுத்து, கோபால்ட்டை அடுத்த மெத்திலைப் பிடிக்கத் தயார் செய்கிறது. மீண்டும் மீண்டும் இதே வேலை. இந்த மரபணுக்களை நீக்கினால் பாக்டீரியா வழக்கம்போல வாழ்கிறது. பாதரச வேலை மட்டும் நின்றுபோகிறது! இல்லாவிட்டாலும் வாழ்வுக்குக் குறைவில்லாத ஒரு வேலையிலிருந்து இத்தனை பெரிய விஷம் பிறக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடம் வியப்பாகவே இருக்கிறது.

அப்புறம் பாசி, பூச்சி, சிறு மீன், பெரிய மீன் என்று அளவு ஏறுகிறது. நீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்கும் அதற்கு மேலும் கொன்றுண்ணும் மீனில் சேரலாம்.

ஏரி அழுக்காகத் தெரிந்தால் பாதரசம் அதிகம், தெளிந்திருந்தால் குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாசி மண்டிய ஏரியில் இருக்கும் பாதரசம் எண்ணற்ற பாசிச் செல்களுக்குப் பங்காகிவிடுவதால், ஒவ்வொன்றிலும் சேர்வது குறைவு. ஸ்வீடனிலும் கனடாவிலும் காட்டுக்கு நடுவே இருக்கும் தெளிந்த ஏரிகளில்கூட மீனில் பாதரசம் அதிகம் இருந்திருக்கிறது. 2016 மார்ச்சில் அல்சூரில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தது வேறு கதை. நீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் அப்படி நடக்கும். பாதரசம் மீனைச் சத்தமில்லாமல் வாழவிட்டு, தின்பவரிடம் போய்ச் சேர்கிறது.

இப்போது சமையலுக்கு வருவோம். மெத்தில் பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் அடங்காத ஈர்ப்பு. புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு சதையிலேயே தங்கிவிடுகிறது. கொழுப்பிலோ தோலிலோ மட்டும் இருந்தால் வெட்டி எறியலாம். சதை முழுக்க இருப்பதை என்ன செய்வது? வேகவைத்தால் நீர்தான் வற்றும். நம் உடம்பிலும் சிஸ்டீனோடு சேர்ந்த மெத்தில் பாதரசம், மெத்தியோனின் என்ற சத்துப்பொருளின் சாயலில், வேறொருவர் பாஸைக் காட்டி கேட்டைத் தாண்டுபவர் மாதிரி மூளைக்குள் நுழைகிறது. நஞ்சுக்கொடியையும் தாண்டும். சிசுவின் ரத்தத்தில் தாயைவிட அதிகமாகவே சேர்கிறது. 1956-இல் வெளிவந்த ஜப்பானின் மினமாட்டா துயரத்தில், அதிக அறிகுறி இல்லாத தாய்மாருக்குக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள்.

பறவைகளிடம் இதே கந்தக ஈர்ப்பு ஓரளவுக்குக் காப்பாக மாறுகிறது. இறகு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, கந்தகம் நிறைந்தது. புது இறகு வளரும்போது ரத்தத்தில் இருக்கும் மெத்தில் பாதரசம் அதில் போய்ப் பிணைகிறது. வளர்ந்து முடிந்ததும் ரத்த ஓட்டம் நின்றுவிட, அது அங்கேயே பூட்டப்படுகிறது. உடம்பில் உள்ளதில் பெரும்பங்கை இறகிலேயே தள்ளிவிட்டு, பழைய இறகை உதிர்க்கும்போது பறவை அதைக் கழித்துவிடுகிறது. பெட்டைக்கு இன்னொரு வழி முட்டை. அதன் வெள்ளைக்கருவில் போய்ச் சேர்வது குஞ்சுக்குத்தான் கேடு. குளிர்காலத்தில் நம் ஊர் ஏரிகளுக்கும் வரும் தட்டைவாயன் என்ற வாத்து இனம் அமெரிக்காவின் உட்டா மாநிலத்திலும் உண்டு. அங்கே 2005-இல் அதன் கறியை உண்ண வேண்டாம் என்று அரசே எச்சரித்தது. நம் நாட்டில் காட்டு வாத்தை வேட்டையாடுவதே சட்டப்படி குற்றம்.

சரி, வாசகியின் மகளுக்கு? மீனை நிறுத்த வேண்டாம். அதன் கொழுப்பு சிசுவின் மூளைக்கு நல்லது. விரால் மற்ற மீனைத் தின்னும் மீன். பல வருடம் ஏரியில் வளர்ந்த பெரிய விராலை இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். கட்லா, ரோகு, ஜிலேபி, மத்தி, நெத்திலி வாங்குங்கள். பிரசவத்துக்குப் பிறகு பால் சுரக்க சுறாப் புட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் சுறா கடலின் உச்சிக் கொலையாளி, வேண்டாம். ரசமணியைப் பாலில் போட்டுக் குடித்தால் உடம்பு வலுக்கும் என்று விற்பவர்களிடமும் தயவுசெய்து போகாதீர்கள். பாதரசத்தால் ஆன மணி அது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இந்திய அறிவியல் கழகம் இருக்கும் ஊர் இது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஏரிக்கரையில் உதிர்க்கும் இறகுகளைப் பொறுக்கிப் பாதரசம் அளக்கலாம். ஒரு பறவையைக்கூடப் பிடிக்க வேண்டியதில்லை. அருங்காட்சியக இறகுகளை வைத்தே 1940-களுக்குப் பிறகு பாதரசம் பல மடங்கு ஏறியதை ஸ்வீடன் கண்டுகொண்டது. ஏரிக்கரை நடைபாதைக்கும் அலங்கார விளக்குக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை வருடாவருடம் இதற்குக் கொடுத்தால், எந்த ஏரி மீனை நம்பி வாங்கலாம் என்று அந்த அம்மாவுக்கு ஏரியின் பெயரைச் சொல்லியே பதில் எழுதலாம்.