ஆபாசம்: தர்க்க நூலிலிருந்து எஃப்.ஐ.ஆர். வரை

வரப்புத் தகராறோ, குழாயடிச் சண்டையோ, வாடகை பாக்கியோ, தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குப் போகும் புகாரில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்: ‘ஆபாசமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்தார்.’ மூன்றுக்கும் உரிய பிரிவுகள் ரைட்டருக்கு மனப்பாடம். 294(பி), 323, 506 என்று எழுதிவிடுவார். 2024 ஜூலை 1-இல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததும் எண்கள் மாறின. 294 இப்போது 296. வரி மட்டும் மாறவில்லை.

திட்டியவர் உண்மையில் என்ன சொன்னார்? ‘நாயே’ என்றிருக்கலாம், அம்மாவை இழுத்திருக்கலாம், சாதியைச் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே மூடி, ஆபாசம். இந்தச் சொல் இவ்வளவு சுமை தாங்கப் பிறந்த சொல் அல்ல.

ஆபாசம் வடசொல். ‘பாஸ்’ என்றால் ஒளிர்தல். ஆபாஸ என்பதற்கு முதற்பொருள் ஒளி, தோற்றம். அப்புறம் வெறுந்தோற்றம், உண்மையைப் போலத் தெரிந்து ஏமாற்றுவது என்று பொருள் நகர்ந்தது. தர்க்க நூல்களில் காரணம் போலத் தோன்றும் ஆனால் காரணமல்லாத ஒன்றுக்கு ஹேத்வாபாசம் என்று பெயர். மணிமேகலையின் 29-ஆம் காதை இதையே ‘ஏதுப்போலி’ என்று அழகாகத் தமிழாக்கியிருக்கிறது. பக்கப்போலி, திட்டாந்தப்போலி என்று கூடவே இன்னும் இரண்டு. ஆக, மூலப்பொருளைப் பார்த்தால் ஆபாசத்துக்கு நேர்த்தமிழ் ‘போலி’தான். அசிங்கம் எங்கிருந்தோ பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

எங்கிருந்து? என் ஊகம், ரசாபாசம் வழியாக. சுவை முறை தவறி, தகாத இடத்தில் தகாதவரிடம் தோன்றினால் வடமொழி அணி நூலார் அதை ரசாபாசம் என்பார்கள். குரு பத்தினி மீது காதல் என்பது போல. நம் வீடுகளிலும் ‘பேச்சு ரசாபாசமாப் போயிடுச்சு’ என்ற வழக்கு இருக்கிறது. ‘போலிச் சுவை’ என்பது ‘முறைகெட்ட சுவை’ ஆகி, கடைசியில் முன்பாதி உதிர்ந்து ஆபாசம் மட்டும் நின்றிருக்கலாம். மலையாளத்திலும் நம்மைப் போலவே இது கெட்ட பொருளில்தான் வழங்குகிறது. இந்திக்காரர்களுக்கோ ‘ஆபாஸ்’ என்றால் மனதில் தட்டும் குறிப்பு. ‘எனக்கு முன்பே ஆபாஸ் வந்தது’ என்று டெல்லி நண்பர் சொன்னால் பதற வேண்டியதில்லை. நாம் ஆபாசம் என்கிற இடத்தில் அவர்கள் சொல்வது ‘அஷ்லீல்’. திரு இல்லாதது என்று பொருள். மொழிபெயர்ப்பாளர்கள் தடுக்கி விழும் இடம் இது.

சரி, சட்டத்துக்கு வருவோம். 294(பி) கேட்பது இரண்டு: பொது இடத்திலோ அதன் அருகிலோ ஆபாசச் சொல், அதனால் பிறருக்கு எரிச்சல். எது ஆபாசம் என்பதற்கு 1868-இல் இங்கிலாந்தில் பிறந்த ஹிக்லின் அளவுகோலையே நாமும் நெடுங்காலம் வைத்திருந்தோம். எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனத்தை ஒரு எழுத்து கெடுக்குமா என்பது அதன் கேள்வி. 1964-இல் ஓர் ஆங்கில நாவலை விற்ற மும்பைப் புத்தகக் கடைக்காரருக்குத் தண்டனையை உறுதி செய்தபோதும் உச்ச நீதிமன்றம் இதையே கையில் எடுத்தது. 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில்தான் அதைக் கைவிட்டு, சமகாலச் சமூகம் எதை ஏற்கிறது என்று பார்க்கத் தொடங்கியது.

அதன்பின் நடந்த இரண்டு வழக்குகள் நம் சொல்லுக்கு நேரடியாகத் தொடர்புடையவை. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், இழிவான, அவமானப்படுத்தும் சொல் என்பதாலேயே 294(பி) வராது, காம உணர்வைத் தூண்டும் தன்மை இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். கூடவே இன்னொன்றையும் கவனித்தது: குற்றம் சாட்டப்பட்டவர் என்ன வார்த்தை சொன்னார் என்று ஆவணங்களில் எங்குமே இல்லை! ‘எழுதக் கூசும் வார்த்தை’ என்று கூச்சப்பட்டு எழுதாமல் விடுகிறோம். எழுதாததாலேயே வழக்கு நிற்பதில்லை. நாகரிகம் பார்த்து வழக்கைத் தோற்கும் இந்த வேடிக்கை நம் நீதிமன்றங்களில் இன்றும் நடக்கிறது.

2024 மார்ச்சில் வந்தது ஒரு வெப் சீரிஸ் வழக்கு. கல்லூரி மாணவர்கள் வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை பேசும் கதை. முன்னதாக அதை விசாரித்த டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி, தன் அறையிலேயே இயர்போன் மாட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருந்தது என்று தீர்ப்பில் எழுதியிருந்தார். உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி பார்த்தது. அந்தச் சொற்களின் நேர்ப்பொருள் உடலுறவைக் குறிக்கலாம், ஆனால் பேசுபவர் வாயில் அவை கோபம், ஆற்றாமை, உற்சாகம் ஆகியவற்றைத்தான் காட்டுகின்றன. கொச்சை வேறு, ஆபாசம் வேறு. வழக்கு ரத்து.

இந்தப் பிரிவினையை நீதிமன்றம் ஆங்கிலத்தில் செய்தது. தமிழில் செய்வதற்குச் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன, நாம்தான் எடுப்பதில்லை. ஒருவரை நோக்கி எறிவது வசை. ‘செம்பொருள் ஆயின வசையெனப் படுமே’ என்று தொல்காப்பியம் அதற்குச் செய்யுளியலில் இடமே கொடுத்திருக்கிறது. வசை பாடக் காளமேகம் என்று ஊரே கொண்டாடியது. பேச்சு வழக்கில் வசவு, ஏச்சு, திட்டு. ஈழத்தில் ‘தூஷணத்தால ஏசினான்’ என்பார்கள். அங்கே கெட்ட வார்த்தைக்கு இதுதான் பெயர். கிறித்தவ வேதத் தமிழில் ‘தேவதூஷணம்’ என்றால் கடவுளைப் பழிப்பது. ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தையைக் குறிக்கும் ‘புரஃபேனிட்டி’ என்ற சொல்லுக்கும் இலத்தீன் மூலத்தில் ‘கோயிலுக்கு வெளியே’ என்றுதான் பொருள்.

யாரையும் திட்டாமலேயே சபையில் சொல்லக்கூடாத சொல் ஒன்று இருக்கிறதே, அதற்குத் தொல்காப்பியர் வைத்த பெயர் ‘அவையல்கிளவி’. அவைக்கு ஆகாத சொல். ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்பது நூற்பா. நன்னூல் இதையே இடக்கரடக்கல் என்கிறது. மலம் கழித்து வந்ததை ‘கால் கழுவி வந்தேன்’ என்பது பாடப்புத்தக உதாரணம். நாடாளுமன்றத்துக்கு ஒவ்வாத சொல் என்று நீட்டி முழக்கி எழுதும் நாளிதழ்கள் அவையல்கிளவி என்று எழுதலாம். மக்களவை விதி 380-இன்படி அவைத்தலைவர் குறிப்பிலிருந்து நீக்குவது இவற்றைத்தானே. என்ன, பட்டியல் நீளும்போது கை எங்கெல்லாமோ போய்விடுகிறது. 2022 ஜூலையில் மக்களவைச் செயலகம் தொகுத்த நூலில் நாடகம், ஊழல், வெட்கம் போன்றவற்றுக்கான சொற்கள் கூட இருந்தன. எதிர்க்கட்சிகள் கொதித்ததும், எந்தச் சொல்லுக்கும் தடையில்லை என்று சபாநாயகர் விளக்க வேண்டியிருந்தது.

தொல்காப்பியர் அடுத்த நூற்பாவிலேயே ஒரு விலக்கு வைத்தார்: ‘மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்’. பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டாம். ஆப்பி (பசுஞ்சாணம்), யானை இலண்டம், ஆட்டுப்பிழுக்கை என்று விலங்குகளின் கழிவைக் குறிப்பவை எல்லாம் பழகியவை, அப்படியே சொல்லலாம் என்று உரைகாரர்கள் எடுத்துக் காட்டினார்கள். அவைக்கு ஆகுமா ஆகாதா என்பது சொல்லுக்குள் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது என்பதை அன்றே பிடித்துவிட்டார்கள்.

பழக்கம் எதிர்த்திசையிலும் ஓடும். ‘தலையின் இழிந்த மயிரனையர்’ என்று வள்ளுவர் கூசாமல் எழுதினார். இன்று எட்டாம் வகுப்புப் பையன் அந்தக் குறளை எழுந்து நின்று ஒப்பித்தால் பின்பெஞ்சில் சிரிப்பு வெடிக்கும். தமிழ்நாட்டில் முடி என்று சொல்லித் தப்பிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் தலைமயிர் இன்னும் தலைமயிர்தான், அங்கே சலூனில் யாரும் நெளிவதில்லை.

இப்போது நடக்கிற பெரிய மாற்றம் வேறு. உடலுறவைச் சுட்டும் சொற்கள் மெல்ல மெல்ல அவைக்குள் வந்துகொண்டிருக்கின்றன. தியேட்டரில் தணிக்கைக் குழு வாயடைக்கும் சொல், ஓடிடியில் 16+ என்ற ஒரு முத்திரையோடு வரவேற்பறையில் ஒலிக்கிறது. அதே நேரம், ஒரு காலத்தில் எந்தக் கூச்சமும் இல்லாமல் புழங்கிய சொற்கள் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. பொதுவெளியில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எஸ்) வரும். மாற்றுத்திறனாளியைப் பலர் முன் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 92 ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. 296-க்கு அதிகபட்சமே மூன்று மாதம்தான்.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியதைப் புகாரில் ‘ஆபாசமாகப் பேசினார்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அது காமமும் இல்லை, கொச்சையும் இல்லை. சாதி இழிவு. புகாரில் அப்படியே, சொன்ன சொல்லோடு எழுத வேண்டும். பழமொழித் தொகுப்புகளைப் புரட்டினால் சாதிப் பெயர் தாங்கிய பழமொழிகள் பக்கம் பக்கமாக வரும். ஊனத்தைக் கேலி செய்பவையும் உண்டு. தாத்தா காலத்தில் திண்ணையில் பெண்கள், பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிச் சிரித்தவை. இன்று பட்டிமன்ற நடுவர் ஒருவர் அவற்றில் ஒன்றை வாய்தவறிச் சொன்னால் மறுநாள் மன்னிப்புக் கேட்கும் வீடியோ வருகிறது.