ஆற்றங்கரை ஈட்டிக்காரனும் ராத்திரி ஆர்க்கும்: வெஸ்நாத் சண்டையின் கணக்கு

பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடுகிற யாரைக் கேட்டாலும் ஒரு புகார் இருக்கும்: "இந்த கேம் ஏமாத்துது." மந்திரவாதி மூன்று தடவை அடிப்பான், ஒவ்வொரு அடியும் படுவதற்கு 70 சதவீத வாய்ப்பு, ஆனால் மூன்றுமே காற்றோடு போய்விடும். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் ஒரு அடி தவறுவதற்கான வாய்ப்பான 0.3-ஐ மூன்று தடவை பெருக்கினால் 2.7 சதவீதம் வருகிறது. இப்படி 40 தாக்குதல் நடக்கிற ஒரு ஆட்டத்தில் ஒரு முறையாவது இது நடப்பதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு. நடக்காமல் போனால்தான் அதிர்ஷ்டம்.

2003-இல் டேவிட் வைட் தொடங்கிய இலவச, திறமூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) விளையாட்டு இது. அறுகோணக் கட்டங்கள், இரு தரப்புக்கும் மாறி மாறி வரும் முறைகள் (turns), எல்ஃப், ஆர்க், குள்ளர், எலும்புக்கூடு என்று கற்பனைக் கதைகளின் வழக்கமான சரக்குதான். பகடை இதில் நிறைய உருளும், அதனால் அதிர்ஷ்ட விளையாட்டு என்று ஒதுக்குபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் பகடையின் எந்தப் பக்கம் கனமாக இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நாம்தான் தீர்மானிக்கிறோம்.

முதலில் நிலம். இங்கே அடி படுமா படாதா என்பது அடிப்பவனின் திறமையைப் பொறுத்ததல்ல, அடி வாங்குபவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. சமவெளியில் நிற்கும் சாதாரண மனிதப் படைவீரன் மீது அடி பட 60 சதவீத வாய்ப்பு, ஊருக்குள்ளோ கோட்டையிலோ நின்றால் 40, ஆழமில்லாத தண்ணீரில் நின்றால் 80. குள்ளனுக்குச் சமவெளியில் 70, மலையில் வெறும் 30. அதே ஆர்க், அதே கோடரி, குள்ளன் மலையேறிவிட்டால் பாதி அடிகூடப் படாது. மந்திர அடிக்கு மட்டும் எந்த நிலத்திலும் 70 சதவீதம்தான், எனவே மலைமேல் இருக்கும் குள்ளனை இறக்க மந்திரவாதியைக் கூட்டி வருவார்கள்.

அப்புறம் நேரம். ஒரு நாளுக்கு ஆறு முறைகள்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, இரவில் இரண்டு. மனிதர்களில் பெரும்பாலானோருக்குப் பகலில் 25 சதவீதம் கூடுதல் பலம், இரவில் அதே அளவு குறைவு. ஆர்க்குகளுக்கு இது தலைகீழ். விடியலிலும் அந்தியிலும் யாருக்கும் எதுவும் கிடையாது.

இதை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஈட்டிக்காரன் 7 புள்ளி வீதம் மூன்று அடி அடிப்பான், ஆர்க்குகளின் சாதாரணப் படைவீரனான கிரன்ட் 9 வீதம் இரண்டு. பகலில் ஈட்டிக்காரனின் அடி 9 ஆகும், கிரன்ட்டின் அடி 7 ஆகும். இரவில் முறையே 5, 11. இருவரும் சமவெளியில் நின்றால், பகலில் ஈட்டிக்காரன் சராசரியாக 16.2 புள்ளி சேதம் கொடுத்து 8.4 வாங்குவான், இரவில் 9 கொடுத்து 13.2 வாங்குவான். ஆகவே இருட்டில் ஓடிவிடு என்பதுதான் எல்லோரும் முதலில் கற்கும் பாடம்.

சரி, அதே ஈட்டிக்காரன் ஆற்றங்கரையிலுள்ள ஒரு ஊருக்குள் நிற்கிறான், கிரன்ட் தண்ணீரில் இறங்கித்தான் அவனை அடிக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நள்ளிரவிலேயே ஈட்டிக்காரன் 12 கொடுத்து 8.8 மட்டுமே வாங்குகிறான், அதாவது ஆறு இரவைத் தோற்கடித்துவிடுகிறது. போதாததற்கு, தற்காக்கும்போது ஈட்டிக்காரனுக்கு முதல் அடி உரிமையும், ஊரில் தங்குபவனுக்கு ஒவ்வொரு முறையும் 8 புள்ளி உடல்நலமும் உண்டு. புதிதாக ஆடுபவர்கள் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று மட்டும் பார்ப்பார்கள். எதிரிக்கு நிற்பதற்கு எந்தக் கட்டங்களை விட்டுவைக்கிறோம் என்பது அதே அளவு முக்கியம்.

மூன்றாவது, எனக்கு மிகப் பிடித்தது, வரிசை. இங்கே 1 புள்ளி உயிரோடு இருப்பவனும் முழுப் பலத்தோடுதான் அடிப்பான். அதனால் நாலு பேரைக் காயப்படுத்துவதைவிட ஒருவனைக் கொல்வது மேல், அதற்கு ஒருவன் மேல் பல பேர் பாய வேண்டும். பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் முதல் உலகப்போர்க் காலத்தில் இதைச் சமன்பாடாக எழுதினார்: எல்லோரும் எல்லோரையும் தாக்க முடிகிற சண்டையில் ஒரு படையின் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். இரண்டு மடங்கு ஆள் இருந்தால் நாலு மடங்கு பலம். ஆனால் ஒருவருக்கு ஒருவர் என்று மட்டுமே மோத முடிகிற குறுகலான இடத்தில் அந்த வர்க்கம் காணாமல் போய்விடும்.

வெஸ்நாத்தில் அந்தக் குறுகலை நம் ஆட்களை வைத்தே உண்டாக்கலாம். லெவல் (படைவீரனின் தரநிலை) 1 அல்லது அதற்கு மேலுள்ள ஒவ்வொருவரையும் சுற்றியுள்ள ஆறு கட்டங்கள் அவருடைய கட்டுப்பாட்டில். அங்கே காலை வைக்கும் எதிரி அந்த முறைக்கு அதோடு நின்றாக வேண்டும். வடக்கு தெற்காக நெருக்கமாக நின்றால், நடுவில் இருப்பவனை எதிரி இரண்டு கட்டங்களிலிருந்துதான் அடிக்க முடியும். இரண்டிரண்டு கட்டம் இடைவெளி விட்டாலும் அதே முறையில் யாரும் ஊடுருவ முடியாது, மூன்று பேரை வைத்து நீண்ட எல்லையை அடைத்துவிடலாம், ஆனால் ஒருவன் மேல் நாலு பேர் பாய வழி கிடைக்கும். கிழக்கு மேற்காக நின்றால் கட்டங்களின் அமைப்பால் வரிசை வளைந்து வளைந்து போகும்: ஒருவனுக்கு மூன்று பக்கம் ஆபத்து, அடுத்தவனுக்கு ஒன்று மட்டும். கனமான கவசக்காரனை மூன்றுள்ள இடத்திலும், 24 புள்ளி உயிர் மட்டுமே உள்ள மந்திரவாதியை ஒன்றுள்ள இடத்திலும் வைப்பார்கள் தேர்ந்தவர்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று விவசாயிகளை இடைவெளி விட்டு நிறுத்தி எல்லையை அடைக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அவர்கள் லெவல் 0, அவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, எதிரி நடுவில் புகுந்து நேராகத் தலைவனிடம் போய் நிற்பான்.