பூட்டில் சிக்கிய சாவி

மன்னார்குடிப் பக்கம் நெல் பயிரிடும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அகல இலைக் களைக்கு நாங்கள் அடிக்கும் 2,4-டி மருந்துதான் வியட்நாமில் அமெரிக்கா தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்று வாட்ஸ்ஆப்பில் வந்தது. உண்மையா? அங்கே போல எங்கள் பிள்ளைகளும் குறையோடு பிறப்பார்களா?"

பாதி உண்மை. ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி 2,4-டி. மறு பாதி 2,4,5-டி. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு வேறு, தமிழில் இரண்டும் 'டி' ஆகிவிடுகிறது. அதனால் எண்களைக் கவனித்துப் படியுங்கள். 5 என்ற அந்த ஒரு எண்ணுக்குள்தான் முழுக் கதையும் இருக்கிறது.

கதையின் தொடக்கம் பலருக்கும் தெரிந்ததுதான். 1962 முதல் 1971 வரை சி-123 விமானங்கள் தென் வியட்நாமின் காடுகள்மீதும் வயல்கள்மீதும் 7 கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லிகளைத் தெளித்தன. காட்டில் மறைந்திருக்கும் எதிரிக்கு நிழலும் சோறும் கிடைக்கக் கூடாது என்பது திட்டம். பீப்பாயைச் சுற்றி அடித்த பட்டையின் நிறமே மருந்துக்குப் பெயரானது. ஆரஞ்சுப் பட்டை போட்டவைதான் அதிகம். நெல்லை அழிக்க மட்டும் ஆர்செனிக் கலந்த நீலப் பட்டைப் பீப்பாய்கள். ஏன் என்று வாசகருக்கே தெரியும்: 2,4-டி அடித்தால் களை சாகும், நெல் தப்பித்துக்கொள்ளும்.

செடிகளை வளரச் சொல்லும் ஹார்மோன் ஆக்சின். 2,4-டி, 2,4,5-டி இரண்டும் ஆக்சின் வேடம் போடுபவை. உண்மையான ஆக்சினைச் செடி தேவைக்குத் தயாரிக்கும், தேவை முடிந்ததும் சிதைத்துவிடும். வேடதாரியை அப்படி எளிதில் சிதைக்க முடியாது. 'வளர், வளர்' என்ற கட்டளை ஓயாமல் வர, தண்டு முறுக்கிக்கொண்டு, இலை சுருண்டு, செடி வளர்ந்து வளர்ந்தே சாகிறது. நமக்கு ஆக்சின் ஹார்மோனும் இல்லை, அதைப் படிக்கும் ஏற்பியும் இல்லை. 'மனிதனுக்கு ஆபத்தில்லை' என்று அன்று சொன்னவர்கள் இதைத்தான் காட்டினார்கள்.

வந்த வினை வேறு வழியாக வந்தது. 2,4,5-டி செய்ய முதலில் ட்ரைக்ளோரோஃபீனால் என்ற பொருளைக் காய்ச்ச வேண்டும். வெல்லப்பாகு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும், அவசரப்பட்டு அடுப்பைத் தூண்டினால் பதம் கெட்டுவிடும். இங்கேயும் வெப்பம் மீறினால் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவே பாலம் போல இரண்டு ஆக்சிஜன், நான்கு மூலைகளிலும் குளோரின். இதுதான் டிசிடிடி, டையாக்சின் என்ற நச்சுக் குடும்பத்திலேயே கொடியது. 2,4-டி தயாரிப்பில் அந்த 5-ஆம் இடத்துக் குளோரின் கிடையாது, அதனால் இது இப்படி உருவாவதில்லை. நிதானமாக, குறைந்த வெப்பத்தில் காய்ச்சினால் டையாக்சின் பெருமளவு குறையும் என்பது 1957-இலேயே ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆலையில் தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் நைட்ரோ நகர மான்சான்டோ ஆலையில் 1949-இல் நடந்த விபத்துக்குப் பிறகு தொழிலாளர்களின் முகமெல்லாம் கொப்புளித்த வரலாறும் அதற்கு முன்பே இருந்தது. போருக்கோ பீப்பாய்கள் அவசரமாக வேண்டியிருந்தன.

இனி நான் சொல்ல ஆசைப்படும் இடம். நம் உயிரணுக்களுக்குள் ஒரு புரதம் காத்திருக்கிறது. பெயர் அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி. நீளமான பெயர், நாம் 'பூட்டு' என்றே வைத்துக்கொள்வோம். புகை, கருகிய உணவு, சில கீரைகள் ஆகியவற்றிலிருந்து தட்டையான வளைய மூலக்கூறுகள் நம் உடம்புக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. அப்படி ஒன்று உள்ளே வந்து பூட்டில் சாவியாகப் பொருந்தும். உடனே பூட்டு தன் துணைப் புரதங்களை விட்டுவிட்டு உட்கருவுக்குள் போய், அங்கே ஒரு கூட்டாளியோடு சேர்ந்து டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் உட்காரும். பல மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று உண்டாக்கும் நொதி நேராகப் போய் அந்தச் சாவியையே நறுக்கிப் போட்டுவிடும். சாவி போனதும் பூட்டு அமைதியாகும். வந்த விருந்தாளியே தன்னை வெளியேற்றும் ஆளை அழைப்பது போல எவ்வளவு அழகான ஏற்பாடு! முதன்முதலில் இதைப் படித்த இரவு வரைபடத்தை நானே தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசிடிடி இந்தப் பூட்டுக்கு அளவெடுத்துச் செய்தது போல இறுக்கமாகப் பொருந்துகிறது. நொதி ஓடிவருகிறது. அது கத்தி வைக்க வேண்டிய நான்கு மூலைகளிலும் குளோரின் உட்கார்ந்திருக்கிறது. கத்தி இறங்கவில்லை. நொதி மேலும் மேலும் உற்பத்தியாகிறது, சாவி அசையவில்லை. கொழுப்பில் கரைந்து தங்கும் இந்த நஞ்சு மனித உடம்பில் பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலமும் பூட்டு தப்பான நேரங்களில் திறந்துகொண்டே இருக்கும்.

கருவில் இது என்ன செய்யும்? எலிக்குஞ்சின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். மேலண்ணம் முதலில் இடமும் வலமுமாக இரண்டு தட்டுகளாக வளர்ந்து நடுவில் சந்திக்கிறது. சந்திக்கும் கோட்டில் இருக்கும் தோல் அணுக்கள் அப்போது ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் இரு பக்கமும் ஒன்றாகும். தாய் எலிக்கு டையாக்சின் கொடுத்தால் அந்த அணுக்கள் ஒதுங்க மறுக்கின்றன. அண்ணம் பிளந்தபடியே குட்டி பிறக்கிறது. பூட்டுக்கான மரபணுவை நீக்கிய எலிகளுக்கு அதே நஞ்சைக் கொடுத்தபோது அண்ணம் பிளக்கவில்லை. 1997 வாக்கில் வந்த இந்தச் சோதனைதான் குற்றவாளியின் வழியைக் காட்டிக்கொடுத்தது.

இதில் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். டிசிடிடி டிஎன்ஏவை உடைப்பதில்லை, வெட்டுவதில்லை. சரியான சுவிட்சைத் தப்பான நேரத்தில் அழுத்துகிறது, அவ்வளவுதான். அதனால் தழும்பு எதுவும் மிச்சமாவதில்லை. பிளந்த அண்ணத்தையோ பழுதான இதயத்தையோ பார்த்து 'இது டையாக்சின் செய்தது, அது வேறெதோ செய்தது' என்று எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. போதாததற்கு, கினிப்பன்றியைக் கொல்லும் அளவைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் கொடுத்தால்தான் ஹாம்ஸ்டர் என்ற சிறு எலியினம் சாகிறது. மனிதன் எந்தப் பக்கம் என்று வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

சைகான் அருகிலுள்ள பியன் ஹோவா விமானத் தளத்தில் பீப்பாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கசிந்தது மண்ணில் இறங்கி, குளத்துச் சேற்றில் தங்கி, மீனிலும் வாத்திலும் ஏறியது. ஆர்னால்ட் ஷெக்டர் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமாக லட்சம் கோடியில் 2 பங்கு இருக்க வேண்டிய டிசிடிடி, அங்கே ஒருவர் இரத்தத்தில் 271 பங்கு இருந்தது. போர் முடிந்த பிறகு அங்கே குடியேறியவர்கள், போருக்குப் பிறகு பிறந்தவர்கள் இரத்தத்திலும் அது கூடுதலாக இருந்தது. டா நாங் தளத்தில் மண்ணைக் கிட்டத்தட்ட 335 டிகிரிக்குச் சூடாக்கிச் சுத்தம் செய்து 2018-இல் முடித்தார்கள். பியன் ஹோவாவில் அதைவிடப் பல மடங்கு மண் இருக்கிறது. 2019-இல் தொடங்கிய வேலை, 2025-இன் தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் பாதியில் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது. மண்ணையாவது அடுப்பில் வைக்கலாம். உடம்பிலிருந்து இந்த நஞ்சு வேகமாக வெளியேறும் வழிகளில் முக்கியமானது தாய்ப்பால்.

அப்புறம் நியாயம். அமெரிக்கப் போர்வீரர்கள் தொடுத்த வழக்கில் 7 நிறுவனங்கள் 1984-இல் பொறுப்பை ஏற்காமலேயே 18 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டன. 1991-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வியட்நாம் மண்ணில் பணியாற்றிய வீரருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால் போதும், காரணம் ஏஜென்ட் ஆரஞ்சு என்றே கொள்ளப்படும், அவர் நிரூபிக்க வேண்டாம். சர்க்கரை நோய், பார்க்கின்சன், பல புற்றுநோய்கள் பட்டியலில் சேர்ந்தன. வீரர்களின் பிள்ளைகளுக்கு முதுகெலும்புப் பிளவு இருந்தால் அதற்கும் உதவி உண்டு. தழும்பு விடாத நஞ்சுக்கு இதுதான் நேர்மையான தீர்வு என்று நான் நினைக்கிறேன். அந்த வீரர்கள் போராடித்தான் இதைப் பெற்றார்கள்.

ஆனால் அதே மருந்து தலையில் பொழிந்த வியட்நாமியருக்கு? பாதிக்கப்பட்டோர் சங்கம் 2004-இல் நியூயார்க்கில் தொடுத்த வழக்கு அடுத்த ஆண்டே தள்ளுபடி. 2009-இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. வியட்நாம் செஞ்சிலுவைச் சங்கம் 30 லட்சம் பேர்வரை பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறது. 'ஆதாரம் எங்கே' என்பதுதான் பதில். ஆதாரத்தைத் தேட 2002-இல் இரு நாட்டு விஞ்ஞானிகளும் ஹனோயில் கூடினார்கள். பிறவிக் குறைபாடுகள் பற்றித் திட்டமிட்ட பெரிய ஆய்வு 2005-இல் தொடங்காமலேயே கைவிடப்பட்டது. ஆய்வையே நடத்தாமல் விட்டுவிட்டு ஆதாரம் கேட்பது அறிவியலுக்கே செய்யும் அநியாயம்.

ஆய்வு இல்லாத இடத்தை வேறொன்று நிரப்பும். வியட்நாமில் எத்தனையோ தாய்மார்கள், முன்னோர் செய்த பாவம்தான் பிள்ளைமேல் விடிந்தது என்ற பேச்சைச் சுமந்தார்கள். நம் ஊரில் உதடு பிளந்த குழந்தையின் தாயை 'கிரகணத்தன்று வெளியே போனாயா' என்று கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். தாயைக் குற்றவாளி ஆக்கும் அந்தக் கேள்வியை நாம் இனியாவது நிறுத்த வேண்டும். ஹோ சி மின் நகரின் (அன்றைய சைகான்) து து மருத்துவமனையில் டாக்டர் நுயன் தி நோக் புவோங் 1960-களிலிருந்து உருக்குலைந்து பிறந்த சிசுக்களைக் கையில் ஏந்தி, குறித்து வைத்து, உலகின் முன் சாட்சி சொன்னார். 2024-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

வாசகருக்கு: நீங்கள் அடிப்பது ஏஜென்ட் ஆரஞ்சு இல்லை. 2,4,5-டி அமெரிக்காவிலேயே 1985-இல் முழுதாக நிறுத்தப்பட்டது. ஆனால் 2,4-டி பாலும் இல்லை. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய்க்குச் சாத்தியமுள்ள பொருள்களில் சேர்த்திருக்கிறது. கையுறை, முகமூடி இல்லாமல் அடிக்காதீர்கள், காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள்.

இன்னும் ஒருவரைச் சொல்ல வேண்டும். டிரான் டோ நா, பிரான்ஸ் குடியுரிமையும் பெற்ற வியட்நாமியப் பெண். இளம் நிருபராகக் காட்டில் இருந்தபோது மருந்து அவர்மேல் பொழிந்தது. முதல் குழந்தை இதயக் கோளாறோடு பிறந்து 17 மாதத்தில் இறந்தது. 2014-இல் பிரான்ஸ் நீதிமன்றத்தில் மான்சான்டோ, டவ் உள்ளிட்ட நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டார். அமெரிக்க அரசின் ஆணைப்படி செய்தோம், எங்களை விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் வாதிட்டன. அரசு கேட்டது களைக்கொல்லி. டையாக்சினை யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை, அது அடுப்பைத் தூண்டிய அவசரத்தில் வந்தது. ஆனாலும் 2021-இலும், மேல்முறையீட்டில் 2024 ஆகஸ்டிலும் நீதிமன்றங்கள் நிறுவனங்களின் பக்கமே நின்றன. வழக்குத் தொடுத்தபோது அவருக்கு 72 வயது. மேல்முறையீட்டில் தோற்றபோது 82. அடுத்த நீதிமன்றத்துக்குப் போவதாக அறிவித்துவிட்டார்.